மூன்றாங்கட்டுக்கு ஒரு சன்னல்

"பழைய மாதிரியே கட்டணும்னு சொன்னீக. பழைய கட்டுல இங்கன சன்னலே கிடையாதே ஆச்சி?" என்று கொத்தனார் கேட்டார். சரியான கேள்விதான். நான்தான் பதிலின்றி நின்றேன்.

காரைக்குடிப் பக்கத்தில் உள்ள அந்த வீடு, என் ஐயாவின் அப்பச்சி கட்டியது. பணம் பர்மாவில் வட்டித்தொழிலில் வந்தது. முகப்பில் தேக்குத் தூண்கள், வளவில் ஆத்தங்குடிக் கல், கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புச் சுவர்கள். பார்க்க வருகிறவர்கள் இவற்றைத்தான் படம் எடுக்கிறார்கள். கரி படிந்த மூன்றாங்கட்டுக்கு வருவோர் குறைவு. அப்பத்தா தன் ஆயுளைக் கழித்தது அங்கேதான்.

ஆண்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனால் திரும்பி வர மூன்று ஆண்டுகள்கூட ஆகும். பெண்கள் ஊரில் இருந்தார்கள். மகனுக்குக் கல்யாணமானால் 'வேறு வைத்து' மருமகளுக்குத் தனி அடுப்பு தருவார்கள். இத்தனை அடுப்புகளையும், தானியத்தையும், சாமான் அறைகளையும், பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆனாலும் புள்ளிக்கணக்கு கல்யாணமான ஆணை வைத்துத்தான். மகள் பிறந்த வீட்டின் புள்ளியில் வரமாட்டாள்.

இந்த வீடுகளின் அழகுக்குப் பின்னால் வேறு பெண்களும் இருக்கிறார்கள். 1930களின் நெல்விலைச் சரிவில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு விளைநிலம் அவர்களிடம் இருந்தது. அந்த நிலங்களில் நாற்று நட்ட பெண்களை எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது போன சொத்தைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவார்கள்.

ஐயா 1970களில் காலமானார். வாரிசுகள் என் அப்பச்சி, சித்தப்பா, அத்தை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அத்தைக்கும் பங்கு கொடுத்தது. ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்கக்கூடாது என்றது. கல்யாணமாகாதவள், கைவிடப்பட்டவள், பிரிந்து வந்தவள், விதவை என்றால்தான் மகளுக்கு அங்கே வசிக்கவே உரிமை. அதாவது வாழ்வு முறிந்தால் வரலாம். கணவனோடு வாழும் மகள் பங்குக்காரி, ஆனால் விருந்தாளி. 1989இல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளையும் சேர்த்தது. அதற்குமுன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 23ஆம் பிரிவு 2005இல்தான் நீக்கப்பட்டது.

அதற்குள் அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டார். பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தக் காகிதத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். தமிழ் படித்த எனக்கு அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் கூசுகிறது. யாரை எதிலிருந்து விடுவித்தார்கள்?

அப்பச்சிக்குப் பிறகு, பாகப்பிரிவினையில் பின்கட்டு எனக்கு வந்தது. அதில் அத்தை விட்டதும் இருக்கிறது.

சுவர்களில் இடையில் யாரோ பூசியிருந்த சிமென்டைக் கொத்தி எடுத்தோம். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கி, காரை உப்பி உதிரும். மறுபடி சுண்ணாம்பே பூசினோம். உடைந்த கற்களுக்கு ஆத்தங்குடியிலிருந்தே கல் வந்தது. ஓடும் பழைய நாட்டு ஓடுதான். புதிதாகச் சேர்த்த ஓர் அறையும் கழிப்பறையும் பழைய தாழ்வாரத்தின் உயரத்தைத் தாண்டவில்லை.

பாணியைக் காப்பாற்றுவது என்றால் எனக்கு இவ்வளவுதான். இருட்டும் புகையும் பாணி அல்ல. அவை ஏற்பாடு.

"சன்னல் வைங்க. பெருசா வைங்க" என்றேன் கொத்தனாரிடம்.

புதிய அறையை அத்தை பேருக்கு எழுதப் பத்திரம் தயாராகிறது. சொன்னதும், "இந்த வயசுல எனக்கு எதுக்குடி?" என்றார். சற்றுக் கழித்து, "சன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று கேட்டார்.