கல்லீரல்சார் மூளைநோய்

கல்லீரல்சார் மூளைநோய் என்பது, குடலில் உருவாகும் நச்சுப்பொருட்களைக் கல்லீரல் அகற்ற இயலாதபோது மூளையின் செயற்பாடு குலையும் நிலை ஆகும். சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இழைநார் வளர்ச்சி உடையோரிடம் இது பெரிதும் காணப்படுகிறது.

காரணம்

குடல்வாழ் பாக்டீரியாக்கள் புரதத்தையும் யூரியாவையும் சிதைக்கும்போது அமோனியா உண்டாகிறது. வாயிற்சிரை வழியே வரும் அதனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. கல்லீரல் பழுதுற்றால் அமோனியா மூளையை அடைகிறது. அங்குள்ள விண்மீன் வடிவ உயிரணுக்கள் அதனைக் குளூட்டமைனாக மாற்றி, நீரை ஈர்த்து வீங்குகின்றன. நரம்பணுக்களிடையேயான சைகைப் பரிமாற்றமும் பாதிக்கப்படுகிறது. உடலில் ஏற்படும் அழற்சி இவ்விளைவை மிகுவிக்கிறது.

வரலாறு

1893 இல் இவான் பாவ்லோவும் உடன் ஆய்வாளர்களும், வாயிற்சிரைக் குருதி கல்லீரலுக்குச் செல்லாது திருப்பிவிடப்பட்ட நாய்கள் இறைச்சி உண்டபின் தடுமாற்றம், வலிப்பு, ஆழ்மயக்கம் ஆகியவற்றுக்கு உள்ளாவதை விவரித்தனர்.

அறிகுறிகள்

- பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல்
- கவனக்குறைவு, குழப்பம், நடத்தை மாற்றம்
- நீட்டிய கைகள் சிறகடிப்பதுபோல் அசைதல்
- முற்றிய நிலையில் ஆழ்மயக்கம்

இவை மனநோயாகவோ மதுமயக்கமாகவோ தவறாகக் கருதப்படுவதுண்டு. அதனால் சிகிச்சை தாமதமாகி உயிருக்கு ஆபத்து நேரலாம்.

சிகிச்சை

அறிகுறிகள் மூளையில் தோன்றினாலும் முதன்மைச் சிகிச்சை குடலிலேயே அளிக்கப்படுகிறது. லாக்டுலோசு பெருங்குடலின் அமிலத்தன்மையைக் கூட்டி, அமோனியா உறிஞ்சப்படாமல் மலத்துடன் வெளியேறச் செய்கிறது. ரிபாக்சிமின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பி, நோய் மீள்வதைக் குறைக்கிறது. மலச்சிக்கல், நோய்த்தொற்று, இரைப்பை-குடல் குருதிக்கசிவு ஆகியன நோயைத் தூண்டுவதால் அவற்றையும் சரிசெய்தல் வேண்டும். முன்னர் புரத உணவு குறைக்கப்பட்டது. தசையும் அமோனியாவை நீக்க உதவுவதால், தசையிழப்பை உண்டாக்கும் அவ்வழக்கம் இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை.