வாவிக்கரையில் ஆங்கிலமும் மொழியியலும்

கிழக்கிலங்கையிலே கடலுக்கு அணித்தாய் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடப்பது மட்டக்களப்பு வாவி. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். நிலவொளியிற் கல்லடிப் பாலத்தருகே நீருக்குள்ளிருந்து எழும் இன்னொலியைக் கேட்கப் பலர் தோணி ஏறிச் சென்றதுண்டு. எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி 1859இல் வெளியிட்ட தமது இலங்கை வரலாற்று நூலில் அவ்வொலியை வியந்து எழுதினார். நீரின் ஒலியை உலகறியச் செய்தது ஆங்கிலம். ஆனால் அந்நீரின் கரையில் வாழ்ந்த மக்களின் பேச்சொலியை அறிஞர் உற்றுக்கேட்பதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

ஆங்கிலக் கல்வி இவ்வாவிக்கு வந்த கதை 1814இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து இலங்கை சேர்ந்த மெதடித்த குருமாருள் ஒருவர் வில்லியம் ஓல்ற் என்பவர். அவர் புளியந்தீவை அடைந்து பள்ளி நிறுவினார். ஓராண்டு நிறையுமுன்னரே, 1815இல், நோயுற்று அங்கேயே காலமானார். எனினும் அவர் இட்ட வித்து முளைத்தது. மட்டக்களப்பு மெதடித்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகின்றது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே கத்தோலிக்கர் நிறுவிய புனித மிக்கேல் கல்லூரியும் சேர்ந்தது. ஆங்கிலம் கற்றவனுக்குக் கச்சேரியில் உத்தியோகம் உண்டு. கல்லாதவனுக்கு வயலும் வாவியுமே கதி என்னும் நிலை வேரூன்றியது. ஒரு மொழி வயிற்றுப்பாட்டுக்குரிய திறவுகோலாகும்போது, அதனை மொழியென்று எண்ணிப் பயில்வார் அரியராவர்.

அவ்வாறு எண்ணிப் பயின்ற அரியவருள் தலையாயவர் காரைதீவிலே 1892இல் மயில்வாகனன் என்னும் பெயருடன் பிறந்த விபுலாநந்த அடிகள். மேற்கூறிய இரு கல்லூரிகளிலும் பயின்று, 1908இலே கேம்பிரிட்சு சீனியர் தேர்விற் சித்தியடைந்தார். 1912இல் ஆங்கில ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழும், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பட்டமும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். ஆங்கிலம், தமிழ், விஞ்ஞானம் என்னும் மூன்று கல்வியும் ஒருவரிடத்தே கூடிய பேற்றின் பயன் பின்னர் வெளிப்பட்டது.

ஆங்கில நாடகப் புலவரை அவர் தமிழருக்கு அறிமுகம் செய்த முறை நினைந்து இன்புறத்தக்கது. 1926இல் வெளியான 'மதங்கசூளாமணி' என்னும் நாடக ஆராய்ச்சி நூலிலே சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு ஒப்புநோக்கினார். மதங்கர் என்போர் கூத்தர். அவருள் முடிமணி போன்றவர் என்பது நூற்பெயரின் பொருள். அப்புலவரின் பெயரையே 'செகசிற்பியார்' எனத் தமிழாக்கினார். ஒலியும் சிதையவில்லை, செகத்தைச் செதுக்கிய சிற்பி என்னும் பொருளும் வந்து பொருந்தியது. பிறமொழி ஒலி தமிழுக்குள் எவ்வாறு புகவேண்டும் என்னும் மொழியியல் வினாவுக்கு இது சுவையானதொரு விடையாகும். 1936இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்ததும், விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் அமைக்க உழைத்ததும் அதே வினாவின் தொடர்ச்சியே.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. மறுவருடம் அடிகளார் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அக்காலத்தில் அங்கே ஆங்கிலப் பேராசிரியராய் விளங்கியவர் ஈ. எப். சி. லுடோவைக். ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகப் பயில விரும்பிய மட்டக்களப்பு மாணவன் அந்நாளிற் கொழும்புக்கும், 1952இன் பின்னர்ப் பேராதனைக்கும் செல்லவேண்டியிருந்தது. பணமும் ஆங்கிலப் பள்ளியும் வாய்த்த குடும்பத்தாருக்கே அது கைகூடியது. பின்னர்த் தாய்மொழிக் கல்வி பரவியபோது பல்கலைக்கழக வாயில் கிராமத்துப் பிள்ளைக்குத் திறந்தது; ஆனால் ஆங்கிலத்துறையின் வாயில் முன்னையினும் ஒடுங்கியது.

இக்காலத்திலேதான் வெளிநாட்டு அறிஞரின் செவி வாவிக்கரைப் பேச்சின்பாற் சென்றது. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1966இல் வெளியிட்ட கட்டுரையிலே இலங்கைத் தமிழின் இயல்புகளை ஆராய்ந்தார். பேச்சு வழக்குகளுள் இலக்கியத் தமிழுக்கு மிக அணுக்கமானது மட்டக்களப்பு வழக்கே என்னும் கருத்தையும் முன்வைத்தார். பின்னர் என்பதற்கு 'மறுகா' என்றும், திரும்பு என்பதற்குக் 'கிறுகு' என்றும் வழங்கும் உழவனின் பேச்சு, பட்டினத்தார் நகைத்தற்குரிய கொச்சையன்று. ஆராய்ச்சிக்குரிய செல்வம் என்பது அப்போது புலனாயிற்று.

அதே கரையிலே மற்றுமொரு செல்வமும் உண்டு. பறங்கியர் எனப்படும் சமூகத்தார் வழிவழியாய்ப் பேசிவந்த போர்த்துக்கேயக் கலப்புமொழியை இயன் சிமித் என்னும் மொழியியலாளர் 1970களில் ஆராய்ந்தார். அதன் சொற்கள் போர்த்துக்கேயம். வாக்கிய அமைப்போ தமிழைப் போன்றது. வினை இறுதியில் நிற்கும், வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டும். கதிரை, மேசை, வாங்கு, சப்பாத்து என்று போர்த்துக்கேயரிடமிருந்து நாம் சொற்களைப் பெற்றோம். அவர் மொழியோ தமிழிடமிருந்து எலும்புக்கூட்டையே பெற்றது. இன்று அதனைப் பேசுவோர் அருகி வருகின்றனர்.

1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி வந்தாறுமூலையிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. முதலில் விஞ்ஞானமும் விவசாயமும், பின்னர்க் கலைத்துறைகளும் அமைந்தன. 1990இல் போரினால் இடம்பெயர்ந்த மக்கள் ஆயிரக்கணக்கில் அவ்வளாகத்திலே அடைக்கலம் புகுந்தனர். அவருட் பலர் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டு மீளாது போயினர். அத்துயரையும் தாங்கி அந்நிறுவனம் மீண்டெழுந்தது.

ஆங்கில மொழியையும் மொழியியலையும் சிறப்புப் பாடமாகக் கொள்ளும் மாணவன் கற்பது யாது? எளியதோர் எடுத்துக்காட்டுப் போதும். ஆங்கிலத்திலே குண்டூசியைக் குறிக்கும் சொல்லும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் 'பின்' என ஒன்றாகவே அமையும். ஆங்கிலச் செவிக்கு அவை வேறு வேறு. நம் 'பல்லி'யும் 'பள்ளி'யும் நமக்கு வேறு; ஆங்கிலச் செவிக்கு அவை ஏறக்குறைய ஒன்று. எந்த ஒலிவேற்றுமை பொருளை மாற்றும் என்பதை ஒவ்வொரு மொழியும் தானே வகுத்துக்கொள்கிறது. இதனை அறிந்த ஆசிரியர் மாணவனின் உச்சரிப்புத் தவற்றைக் கண்டு வெகுளார். தவற்றின் காரணத்தைக் கண்டு திருத்துவார். படுவான்கரைச் சிற்றூர்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் அச்சந்தராத பாடமாவதற்கு இத்தகைய ஆசிரியரே வேண்டும்.

ஆங்கிலம் கற்றோர் ஊரைவிட்டு நீங்குவது இருநூறு ஆண்டுப் பழக்கம். அதனைக் குற்றமென்று கூறுதல் பொருந்தாது. பிழைப்பு அவ்வாறு அமைந்தது. ஆயினும் இம்மொழியியற் கல்வி ஊருக்குத் திரும்பும் வழியொன்றையும் காட்டுகின்றது. 'மறுகா' என்னும் சொல் எத்தனை ஊர்களில் எஞ்சியுள்ளது, பறங்கி முதியோரின் மொழியிலே எவ்வொலிகள் மறைந்தன என்பவற்றை வாவிக்கரைப் பிள்ளைகளே கேட்டு, பதிந்து, உலகம் அறியும் ஆங்கிலத்தில் எழுதலாம். பிறநாட்டார் தொடங்கிய அப்பணி அவர்களுக்காகக் காத்திருக்கின்றது. ஆனால் அம்முதியோரின் ஆயுள் நெடுங்காலம் காத்திராது.