மாதிரிச் சிப்பியும் ஒரு பிளாஸ்டிக் வாளியும்

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனை என் கையில் கொடுத்து, "மாமா, இதுல எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். வரையக் கற்றுத்தரும் வீடியோ வரிசைகள் பதினாலு, பிடிஎஃப் புத்தகங்கள் ஆறு சேர்த்து வைத்திருந்தாள். அது போக, முப்பது நாளில் உருவப்படம் வரையச் சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்று. கட்டணம் 12,000 ரூபாய். அவள் அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர். அந்தப் பணம் அவர் சம்பளத்தில் பாதிக்கு மேல். பணத்தை விட நேரம் பெரிசு. பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் கழுத்தைப் பிடிக்க இன்னும் சில மாதங்கள்தான் இருக்கு. அதைத் தப்பான இடத்தில் செலவழித்தால் திரும்பி வராது.

எனக்கு ஓவியம் வராது. பழைய அறிக்கைகளைப் புரட்டுகிற ஆள் நான். "ஒரு வாரம் டைம் குடு" என்று மட்டும் சொன்னேன். அப்போது என் மேசையில் இருந்தது எங்கள் ஊர் முத்துக்குளிப்பு பற்றிய குறிப்புகள். பதில் அதிலிருந்தே கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

தூத்துக்குடிக் கரையிலிருந்து சில மணி நேரப் பாய்மர ஓட்டத்தில், கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் 'பார்' என்பார்கள். முத்துச் சிப்பி அங்கேதான் ஒட்டி வளரும். முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் அது ஆண்டுதோறும் வந்த திருவிழா இல்லை. நடுவில் பத்து இருபது வருஷம்கூடச் சும்மா கிடந்திருக்கிறது. நடத்துவதாக இருந்தால் நூற்றுக்கணக்கான தோணிகள் வர வேண்டும், குளியாட்கள் வர வேண்டும், வெளியூர் வியாபாரிகள் பணமூட்டையோடு வர வேண்டும். கரையில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு தற்காலிக ஊரே எழும்ப வேண்டும். அவ்வளவும் செய்துவிட்டுச் சிப்பிக்குள் ஒன்றுமில்லை என்றால்?

அதனால் முதலில் மாதிரி எடுப்பார்கள். பார்களைச் சோதித்து, சில ஆயிரம் சிப்பிகளை அள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து அழுக விடுவார்கள். அந்த நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு சில நாள் காத்திருந்து, கழுவி, அடியில் தங்குவதைச் சல்லடையில் சலிப்பார்கள். பித்தளையில் பத்துச் சல்லடைகள் கொண்ட தொகுதி அது. ஒவ்வொன்றிலும் துளையின் எண்ணிக்கை வேறு. 20 துளை உள்ளதில் பெரிய முத்து நிற்கும், 1000 துளை உள்ளதில் பொடி நிற்கும். பிறகு உருண்டை, ஒளி, நிறம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஆணிமுத்து என்று நாம் சொல்கிறோமே, அந்த 'ஆணி'தான் முதல் தரம். கடைசித் தரம் வெறும் தூள்.

இதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மதிப்புப் போடுவது சிப்பி எடுத்தவர் இல்லை. முத்து வியாபாரம் தெரிந்த வேறு ஆட்கள், 'ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்' என்று கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் இந்த வருஷம் குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவாகும்.

சிப்பியின் வயசையும் பார்ப்பார்கள். மூன்று வயசுக்குக் கீழே எடுத்தால் பெரிசாக முத்து இருக்காது, பாரும் காலியாகிவிடும். ரொம்ப நாள் விட்டால் சிப்பியே செத்துப்போகும். நல்ல பார் என்பது மட்டும் போதாது, காலமும் சரியாக இருக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில் ஒரு கதை இருக்கிறது. 1905இல் இலங்கைப் பக்கத்தில் நடந்த குளிப்பில் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுத்தார்கள். அப்படி ஒரு வருஷம் அதற்கு முன் இல்லை. அந்தக் கணக்கின் மயக்கத்தில் லண்டனில் ஒரு கம்பெனி உருவாகி, 1906இல் அந்தப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. குத்தகையில் பாதிக் காலம்கூடத் தாண்டாமல் கம்பெனி கலைந்தது. அவர்கள் முட்டாள்கள் இல்லை. கடல் உயிரியல் படித்தவர்கள் கூடவே இருந்தார்கள். ஆனால் ஆகச் சிறந்த ஒரு வருஷத்தைப் பார்த்து இருபது வருஷத்துக்கு விலை பேசிவிட்டார்கள்.

மருமகள் காட்டிய அந்த 12,000 ரூபாய் வகுப்பின் விளம்பரத்தை மறுபடி திறந்து பார்த்தேன். மேலே ஒரு மாணவர் வரைந்த பாட்டியின் முகம். சுருக்கம், கண்ணில் ஈரம், எல்லாம் அச்சு அசல். அது அவர்களுடைய 1905. அந்த மாணவர் வகுப்புக்கு வருமுன் என்ன வரைந்தார்? கூடப் படித்த மற்றவர்கள் என்ன வரைந்தார்கள்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த விஷயத்தில் பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை 1979இல் வெளியிட்ட வரைகலைப் புத்தகம் பரவாயில்லை. மாணவர்கள் பயிற்சிக்கு முன் வரைந்ததையும் பின் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார். அவற்றைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். ஆனாலும் பார்க்க வேண்டிய இடம் எது என்றாவது நமக்குத் தெரிகிறது.

இங்கே என் சொந்தக் கதையையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து மூன்று வருஷம் நானும் வரைந்தேன். காலண்டர் படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போடுவது, நோட்டில் அதே மாதிரி கட்டம் போடுவது, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து இழுப்பது. முருகன் அச்சாக வந்துவிடுவார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா காட்டுவார். பிறகு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்குப் போய் உட்கார்ந்தேன். எதிரே நிஜப் பாத்திரங்களை வைத்துப் பார்த்து வரையச் சொன்னார்கள். கட்டம் இல்லை. என் கை நின்றுவிட்டது. மூன்று வருஷமாக நான் கற்றது கட்டத்தைப் பார்க்க, பொருளைப் பார்க்க இல்லை என்பது அந்த ஹாலில்தான் தெரிந்தது. அதோடு விட்டேன்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். அதே காலத்தில் லண்டனில் 23 படிகள் கொண்ட ஒரு பாடத்திட்டம் உருவானது. அதில் தொடக்கப் படிகளில் ஒன்று அச்சிட்ட தட்டைப் படத்தைப் பார்த்துக் கோட்டை நகலெடுப்பது. பொருளைப் பார்த்து வரைவது, உயிருள்ள உருவத்தை வரைவது எல்லாம் அதற்குப் பிறகுதான். காலனி நாடுகளின் பள்ளிகளுக்கும் இந்த முறை வந்தது. நகலெடுப்பது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் படியிலேயே நின்று அதுதான் ஓவியம் என்று நம்பியவர்கள் என்னைப் போல எத்தனை பேர்!

நான் கட்டம் போட்ட காலண்டர் படங்கள் வந்த வழியைத் தேடியபோதுதான் ஆச்சரியம். அது எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே, கோவில்பட்டியில் போய் நின்றது. சி. கொண்டையராஜூ (1898–1976) பெயரைப் பழைய காலண்டர்களின் மூலையில் பார்த்திருப்பீர்கள். சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதும் வேலையில் ஊர் ஊராகச் சுற்றி, 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். பக்கத்தில் சிவகாசி அச்சகங்கள். அவர் வரைந்த மீனாட்சியும் முருகனும் லட்சுமியும் அங்கே அச்சாகி வீடு வீடாகப் போனார்கள். கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

நான் நகலெடுத்த படத்தை வரைந்தவர், தன் மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்? டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் என்று அவரிடம் பயின்று பெயர் பெற்றவர்கள் பலர். அவர்கள் கூடவே இருந்து வேலை செய்தார்கள். நாடகச் சீன் என்பது ஆள் உயரத்தைத் தாண்டிய படுதா. தெருவோ தர்பாரோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஆழம் தெரிய வேண்டும். தூண் சாய்ந்தால் ஊரே பார்த்துச் சிரிக்கும். அந்த அளவு வேலையை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. பெரியவர் கோடு போட, சின்னவர் நிறம் பூச, தப்பினால் அங்கேயே திருத்தம் நடக்கும். பின்னாளில் சில படங்களில் குருவின் பெயரும் சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே அச்சானது. மாணவர் கோடும் குருவின் கோடும் ஒரே படத்தில் வாழ்ந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

முத்துக் கணக்கில் மதிப்புப் போடுவது இன்னொருவர் என்று சொன்னேன் இல்லையா, இது அதேதான். என் கட்ட முருகனுக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. அம்மா பாராட்டினார், வந்தவர்கள் பாராட்டினார்கள். திருத்த யாருமில்லை. நல்ல மூலத்திலிருந்து தப்பான விதத்தில் எடுத்தால் கையில் தங்குவது தூள்தான். அதே காலண்டர் கொண்டையராஜூவின் மாணவர்களுக்குப் பாடம், எனக்குப் பொழுதுபோக்கு.

ஒரு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். "எதையும் இப்ப வாங்க வேண்டாம். மொதல்ல சாம்பிள் எடுப்போம்" என்றேன். அடுக்களையில் கிடந்த நீல பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து தரையில் வைத்தேன்.

"என்ன மாமா, வாளியையா வரையணும்?"

"ஆமா. எதையும் பாக்காம வரை. தேதி போட்டு வச்சுக்க. நீ சேத்து வச்சதுல மூணை எடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாரம், தினம் அரை மணி நேரம். வாரக் கடைசில வீடியோவ மூடிட்டு இதே வாளிய மறுபடி வரை."

மூன்று வாரம் ஓடியது. முதல் வரிசை உதடு, கண், மூக்கு என்று தனித்தனியாக அழகாக வரையச் சொல்லித்தந்தது. வாளி மாறவே இல்லை. இரண்டாவதில் பேசுகிறவர் திறமைசாலி, நிழல் பூசுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த வாரம் அவள் பார்த்தது அதிகம், வரைந்தது குறைவு. வாளிக்கு நிழல் வந்தது, வடிவம் அப்படியேதான் கோணல். அந்த வரிசையைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கு இன்னும் அந்த வயசு வரவில்லை. மூன்றாவது பார்க்கவே சலிப்பு. பெட்டி, உருளை, நீள்வட்டம், திரும்பப் பெட்டி. விளம்பரமும் இல்லை, காசும் இல்லை. நான்காவது வாளி மட்டும் தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அதிலும் ஏதோ உறுத்தியது. என்னவென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. நாலு தாளையும் எடுத்துக்கொண்டு படகு கட்டும் பக்கம் போனோம். அங்கே விசைப்படகுகளுக்குப் பெயர் எழுதுகிற ஒரு பெரியவர் உண்டு. கையைத் துடைத்துவிட்டு நாலையும் வரிசையாகப் பார்த்தார். முதலிரண்டைத் தள்ளி வைத்தார். நான்காவதில், வாளியின் அடியில் அவள் போட்டிருந்த கிட்டத்தட்ட நேரான கோட்டைத் தொட்டு, "வாய் இவ்வளவு வட்டமா தெரியுதுன்னா, அடி இன்னும் வட்டமாத்தாம்மா தெரியும். நீ மேல நின்னுதான பாக்க?" என்று ஒரே இழுப்பில் வளைத்துக் காட்டினார்.

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் எந்த வீடியோவும் அதைச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். அது தப்பு. மூன்றாவது வரிசையில் அது இருந்ததாம். பார்த்தும் இருந்திருக்கிறாள். தன் வாளியில் அது தப்பாக இருப்பதுதான் தெரியவில்லை.

12,000 ரூபாய் அக்காவிடமே இருக்கிறது. மூன்றாவது வரிசையைத் தொடர்கிறாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தாள்களை அந்தப் பெரியவரிடம் கொண்டுபோகிறோம், அவருக்குப் பிடித்த சுக்குக்காப்பியோடு. பொங்கலுக்குப் பிறகும் உருவப்பட வகுப்பு வேண்டும் என்று தோன்றினால், முதலில் ஒரே ஒரு வகுப்பை மட்டும் காட்டச் சொல்லிக் கேட்கப்போகிறோம். சம்மதித்தால் பழையபடி அதே வாளிதான்.

நேற்று ராத்திரி நானும் ஒரு தாளை எடுத்து அந்த வாளியை வரைந்தேன். தேதி போட்டு வைத்திருக்கிறேன்.