சென்ற வழி யாருடையது?

புதுக்கோட்டைச் சீமைப் பெண்கள் சைக்கிள் பயின்ற வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1991-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். வயலில் உழைப்போரும் கல்லுடைப்போரும் அங்கன்வாடி ஊழியரும் கற்றனர். 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்குமேல் மணியடித்துக்கொண்டு நகர வீதிகளில் சென்றனர். ஒன்றரை ஆண்டில் கற்றவர் தொகை ஒரு லட்சத்தைக் கடந்தது என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். ஆடவர் சைக்கிளையே பலர் விரும்பினராம். குறுக்குத் தண்டில் குழந்தையை அமர்த்தலாம் அல்லவா!

அதற்கு முன்பு, அடுத்த ஊர் செல்லப் பேருந்துக்கோ, தந்தை அல்லது கணவனின் துணைக்கோ காத்திருக்க வேண்டும். சைக்கிள் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. ஊரார் ஏளனம் செய்யாமலில்லை. ஆயினும் அவள் சென்ற வழியை எவரும் ஏட்டில் குறித்து வைக்கவில்லை.

இன்று அவ்வழியை மணிக்கட்டுக் கடிகாரமே குறிக்கிறது. அடிகளை எண்ணுவது புதிதன்று. 1965-இல் ஜப்பானில் இடுப்பில் அணியும் எண்ணி ஒன்று விற்பனைக்கு வந்தது. அது கண்ட கணக்கை அணிந்தவரிடம் மட்டுமே சொல்லிற்று. இக்காலக் கருவிகளிற் பல, நடையையும் நாடித் துடிப்பையும் தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகின்றன. விளைவு என்ன? ஸ்ட்ராவா என்னும் நிறுவனம் 2017 நவம்பரில் தன் பயனர் ஓடிய தடங்களை உலகப் படமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அப்படத்தில் இராணுவ முகாம்களின் வடிவம் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். சிப்பாய்களின் காலைப் பயிற்சியே காட்டிக்கொடுத்துவிட்டது!

இதற்கு மாற்று வழி கண்டவர்களும் உளர். கூகுளின் 'மை டிராக்ஸ்' செயலி 2016-இல் நிறுத்தப்பட்டது. அதன் மூலநிரல் முன்னரே பொதுவில் வைக்கப்பட்டிருந்தமையால், தன்னார்வலர் அதிலிருந்து 'ஓப்பன்டிராக்ஸ்' செயலியை உருவாக்கினர். அது இணைய அனுமதியே கேட்பதில்லை. 2015-இல் பெபிள் கடிகாரத்திற்கெனத் தொடங்கிய 'காட்ஜெட்பிரிட்ஜ்' பிற நிறுவனக் கடிகாரங்களையும் அவற்றின் சொந்தச் செயலியின்றி இயக்குகிறது. பெபிள் நிறுவனம் 2016-இல் மூடப்பட்டது. அதன் மென்பொருளின் மூலநிரலைக் கூகுள் 2025 ஜனவரியில் வெளியிட்டது. எவரும் படித்துச் சோதிக்கலாம்.

கைப்பேசிக் கோபுரம் அறிவதை இச்செயலிகள் தடுக்கமாட்டா. அதை மறைத்துப் பயனில்லை. எனினும் புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் வரை ஒருத்தி சைக்கிளில் சென்று திரும்பினால், எங்கே இளைப்பாறினாள் என்ற குறிப்பு, அவளே பிறருக்கு அனுப்பினாலன்றி, அவள் கைப்பேசியிலேயே இருக்கும்.