இரைப்பை அழற்சி

இரைப்பையின் உட்சுவரை மூடியுள்ள சளிச்சவ்வில் நோயெதிர்ப்பு அணுக்கள் வந்து குவிவதால் உண்டாகும் நிலை. வயிற்று எரிச்சலையெல்லாம் ‘அல்சர்’, ‘கேஸ்’ என்று சொல்லும் வழக்கம் பரவலாக இருந்தாலும், எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்த திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தே அழற்சியை உறுதி செய்ய முடியும்.

நாட்பட்ட அழற்சிக்குத் தலையாய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் சுருள்வடிவ பாக்டீரியா. அமிலம் சுரக்கும் இரைப்பையில் கிருமி குடியிருக்காது என்று மருத்துவர்கள் நம்பிவந்த காலத்தில், 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் இதைக் கண்டார். 1982இல் அவரும் பாரி மார்ஷலும் அதை ஆய்வகத்தில் வளர்த்தனர். ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாள் கிடந்ததுதான் கைகொடுத்தது. 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமி யூரியேஸ் நொதியால் அமோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறிக்கிறது. மற்ற பாக்டீரியாக்களின் கசையிழையைக் கண்டுபிடிக்கும் டிஎல்ஆர்-5 ஏற்பிக்கு இதன் கசையிழை தட்டுப்படுவதில்லை. வெளிக்காவலை இப்படி ஏய்க்கும் கிருமி அகப்படுவது சளிச்சவ்வின் செல்லுக்குள்ளேதான். வீரியமுள்ள வகைகள் ஊசி போன்ற அமைப்பால் ‘காக்-ஏ’ புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகின்றன. கூடவே நுழையும் செல்சுவர்த் துணுக்குகளை நாட்-1 ஏற்பி உணர்ந்து, என்எஃப்-கப்பா-பி என்னும் மரபணு இயக்கியைத் தூண்டுகிறது. அதனால் சுரக்கும் இன்டர்லூக்கின்-8 நியூட்ரோஃபில் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களை அழைக்கிறது. பின்னாலேயே டி-செல்கள் வருகின்றன. இத்தனை படை திரண்டும் கிருமி பெரும்பாலும் ஒழிவதில்லை. அடிபடுவது சளிச்சவ்வு.

அழற்சி எங்கே என்பதைப் பொறுத்து விளைவு மாறும். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மிகுந்தால் அமிலம் பெருகி முன்சிறுகுடலில் புண் வரலாம். மேற்பகுதி முழுதும் பரவினால், அமிலச் சுரப்பை வலுவாக அடக்கும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவின் துணையோடு அமிலம் குறைந்து, சுரப்பிகள் தேய்ந்து, சிலருக்குப் பல ஆண்டுகளில் புற்றுநோயில் முடியும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் இக்கிருமியை முதல்வகைப் புற்றுக்காரணியாக அறிவித்தது.

கிருமியே இல்லாமலும் அழற்சி வரும். தன்னெதிர்ப்பு வகையில் உடல் தன் அமிலச் செல்களையே தாக்க, வைட்டமின் பி12 உட்கிரகிப்பு கெட்டு இரத்தசோகை ஏற்படுகிறது.

கிருமி காரணமானால் அமிலம் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சேர்த்துத் தருவர். இயல்பில் நிணத்திசு இல்லாத இரைப்பையில் இக்கிருமியால் வளரும் மால்ட் லிம்போமா என்னும் புற்று, தொடக்க நிலையில், கிருமியை ஒழித்த அளவிலேயே பலருக்கு மறைந்துவிடுகிறது.