பானை, பந்தி, மைதானம்

சத்துணவின் வரலாற்றை யாரைக் கேட்டாலும் மூன்று பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். பிட்டி தியாகராயர், காமராசர், எம்.ஜி.ஆர். சோறு போட்டவர்களின் வரலாறு எழுதப்பட்டு, பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தவர்கள் பக்கமிருந்து இதை எழுதிப் பார்த்தால் என்ன? அப்படி எழுதும்போது சோறு மட்டும் வராது. தண்ணீர்ப் பானை வரும், விளையாட்டு மைதானம் வரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் உடம்பு தேற வேண்டும் என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிறோம். அந்த உடம்பை எங்கே உட்கார வைத்தார்கள், எதைத் தொடவிட்டார்கள் என்பதிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தவர். 1939இல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் அந்தக் காலத்தைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். சுமார் நானூறு மாணவர்கள். பத்துப் பேர் போக மற்றவர்களெல்லாம் பார்ப்பனர்கள். தான் இன்ன சாதி, இன்ன இடத்தில் குடியிருப்பு என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மணி அடிக்கும் வரைக்கும் வெளியிலேயே எங்காவது இருந்து படிப்பார். வகுப்பு விட்டதும் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு நடையைக் கட்டுவார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியவில்லையே என்று மனம் கலங்கியதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார். லண்டன் வட்டமேசை மாநாடு வரைக்கும் போய் வந்த மனிதர், எண்பது வயதை நெருங்கும்போது எழுதுகிறார். அப்போதும் விளையாடாத அந்தச் சாயங்காலம் அவருக்கு ஆறவில்லை. நம்முடைய ஆய்வாளர்கள் அந்தப் புத்தகத்திலிருந்து மாநாட்டையும் மனுக்களையும் எடுத்துக்கொண்டார்கள். இந்த விளையாட்டு ஏக்கத்தை யாரும் எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை.

அம்பேத்கரின் தண்ணீர்க் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சதாராவில் கோணியை வீட்டிலிருந்தே சுருட்டிக்கொண்டு போய் அதில் உட்கார்ந்து படித்தார். குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இந்தப் பின்னணியில்தான் சோறு வருகிறது. 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. தலைவர் தியாகராயர். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது. படிப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள், பசியால் பள்ளிக்கு வருவது குறைகிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் பரவி, 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளை அரசாங்கம் மறுத்தது. 1925 ஏப்ரலில் சிற்றுண்டி நின்றது. பிறகு மறுபடி கொஞ்சம் உயிர் பெற்றது. தீர்மானம் நல்ல தீர்மானம்தான், மறுக்கவில்லை. அதற்கடுத்த வருசமே புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்கள் தாக்கப்பட்டபோது நீதிக்கட்சி எந்தப் பக்கம் நின்றது, எம்.சி. ராஜா ஏன் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

சிற்றுண்டி நின்ற அதே காலத்தில்தான் சேரன்மாதேவி குருகுலச் சண்டை கொதித்துக்கொண்டிருந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காங்கிரஸ் பணம் ஐயாயிரம் ஏற்கெனவே போயிருந்தது. மீதி தர முடியாது என்றார் பெரியார். காந்தி சமரசம் பேசிப் பார்த்தார். தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்ட பந்தி அது. ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறை எவ்வளவு பெரிய அரசியல் என்று நமக்கு முதலில் காட்டிக்கொடுத்ததும் அதுதான். ஆனால் பேச்சு முழுக்கப் பார்ப்பனர், பார்ப்பனரல்லாதார் என்றே ஓடியது. அந்தப் பந்தியில் சேரிப்பிள்ளைக்கு இலை எங்கே என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றுபோனது.

காமராசர் காலத்தில், 1956இல், எட்டயபுரத்தில் தொடங்கி மதிய உணவு மாநிலத்துக்கே வந்தது. ஊரார் நன்கொடையும் அரசாங்கப் பணமும் சேர்ந்து ஓடிய திட்டம். 1961க்குப் பிறகு ‘கேர்’ நிறுவனத்தின் பால் பவுடரும் மாவும் எண்ணெயும் வந்தன. எங்கம்மா அந்தத் தலைமுறை. அதைக் கேட்டால் இப்படிச் சொல்லும்:

“மக்காச்சோள மாவுல உப்புமா. அமெரிக்காக்காரன் மாவும்பாங்க. அந்த வாசனையே கொமட்டும். ஆனா அதுக்குன்னுதான் பள்ளிக்கூடம் போனோம், படிக்கிறதுக்கா போனோம்? நாங்க கடைசி வரிசை. ஆப்பயத் தூக்கிப் புடிச்சித்தான் போடுவாங்க, எங்க தட்டுல பட்டுடப் போவுதுன்னு. பாதி கீழ செதறும். அதையும் வழிச்சித் தின்னுட்டு வருவோம்.”

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் எங்கள் தலைமுறை வளர்ந்தது. நான் படித்தது தென்னார்க்காட்டுப் பக்கம் ஓர் ஒன்றியப் பள்ளி. சத்துணவு ஆயா ஊர்த்தெரு. காலனிப்பிள்ளைகள் சைக்கிள் நிறுத்துற இடத்துப் பக்கம் குந்த வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் அங்கேதான் குந்தினோம். முட்டை வாரத்துக்கு ஒன்று என்று வந்த காலம் அது. உடைந்துபோன முட்டை எந்த வரிசைக்கு வரும் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. விளையாட்டுப் பீரியட் என்றால் பையன்கள் போய்விடுவார்கள். எங்களில் நாலைந்து பெண்பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள், கக்கூசுக்குத் தண்ணி ஊற்ற, முள் பொறுக்க, வகுப்பைக் கூட்ட. “அதுவும் எக்சர்சைஸ்தாம்மே” என்று ஒரு ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் பையன்களுக்கு மைதானம் கிடைத்தது, ஆனால் கபடியில் ஊர்ப்பையன்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கபடி தொட்டு ஆடுகிற ஆட்டமல்லவா! கிரிக்கெட்டுக்குச் சேர்ப்பார்கள், பந்து பொறுக்க.

நான் பள்ளியில் சேர்வதற்குச் சற்று முன்னால், 1995இல், சேலம் மாவட்டத்தில் ஒரு தலித் சிறுமி வகுப்புப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்ததற்காக ஆசிரியரிடம் அடிபட்டு ஒரு கண் பார்வையை இழந்தாள். நாடெங்கும் பேசப்பட்டது. அதற்குப் பிறகு எங்கம்மா எனக்கு பாட்டிலில் தண்ணி கொடுத்தனுப்பும். தாகம் எடுக்கும் என்றா கொடுத்தது? பானைகிட்டப் போகக் கூடாது என்பதற்காகத்தான்.

சமைக்கிற கை யாருடையது என்ற கேள்வி 2004இல்தான் நீதிமன்றத்தின் ஆணையாக வந்தது. எல்லா அரசுத் தொடக்கப்பள்ளியிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2001 நவம்பரில் சொல்லியிருந்தது. 2004 ஏப்ரலில், சமையலர் வேலையில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. காகிதத்தில் வந்தது அடுப்படிக்கு வரும்போது என்ன ஆனது? 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு அருந்ததியப் பெண் சமைக்க வந்ததும் ஊரே திரண்டு பள்ளியை மறித்தது. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்து, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. அடுத்த மாதமே உசிலம்பட்டி என்ற ஊரில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் தொடவில்லை. எம்.பி.யும் அமைச்சரும் போய் உடன் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்த உசிலம்பட்டி மதுரைப் பக்கத்து ஊர் அல்ல, எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பது. காமராசர் முதல் பந்தி போட்ட அதே எட்டயபுரம்.

நாங்குநேரி வெட்டுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக்கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்பதையெல்லாம் இரு கையாலும் வரவேற்கிறோம். ஒன்றியத்துக்கு ஒரு பொதுச் சமையற்கூடம் என்று சொல்லியிருப்பதில்தான் எனக்கு ஒரு நெருடல். நோக்கம் நல்லதுதான். சண்டை ஓயும், வண்டியில் சோறு வந்துவிடும், யார் சமைத்தது என்று தெரியாது. தெரியாமல் இருப்பதால் தின்கிறவன் எதைக் கற்றுக்கொள்கிறான்? நம் பெண்கள் அந்த ஊர்ப் பள்ளி அடுப்படியில், எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்று சமைப்பது ஒரு உரிமை. அதைக் கண்மறைவாக ஒன்றிய தலைநகருக்குக் கொண்டுபோய் வைப்பதற்கு முன்னால் நம்மிடையே ஒரு விவாதம் நடக்க வேண்டும். சூடாக, அங்கேயே சமைத்த சோறு உடம்புக்கும் நல்லது என்பது வேறு.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்துக்கு மைதானம், குடிதண்ணீர், தனித்தனிக் கழிப்பறை, சமையலறை எல்லாம் வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்டவர்களுக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம். நம் தோழர்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுகிறார்கள். இந்தக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்?

போன வருசம் என் அண்ணியை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுவார்கள் என்று வர மறுத்தது. மைதானத்தில் பாதியைக் களத்துக்கு விட்டிருக்கிறார்கள், நெல் காய்கிறது. விளையாட்டுப் பீரியட்டில் யார் வகுப்பைக் கூட்டுகிறார்கள் என்று அண்ணிதான் எழுந்து கேட்டது. தலைமையாசிரியர் பதில் சொல்லவில்லை, நோட்டைப் புரட்டினார். “எழுதிக்குங்க சார், நான் கேட்டன்னு எழுதிக்குங்க” என்றது அண்ணி. எழுதினார். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் மூன்று பேரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறது.