மெட்ராஸில் பிடிபட்ட நாய்க்கிருமி

திருநகர் தெருவில் படுத்துக் கிடக்கும் நாயின் காது மடலைப் புரட்டினால் உண்ணிகள் தென்படுவது சகஜம். உண்ணிகள் பரப்பும் கிருமிகளில் ஒன்று உலகத்துக்கே அறிமுகமானது நம்ம மெட்ராஸில்தான் என்பது பலருக்குத் தெரியாது.

வெள்ளைக்காரர்களுக்கு அப்போது 'மெட்ராஸ் ஹன்ட்' என்றொரு வேட்டைக்குழு இருந்தது. நாய்களை ஏவிவிட்டு, குதிரையில் பின்னாலேயே போய்க் குள்ளநரியைத் துரத்துவார்கள். (பொழுதுபோக்காம்!) அந்த வேட்டைநாய்களின் ரத்தத்தில், சிவப்பணுவுக்குள் குடியிருந்த மிகச்சிறிய ஒட்டுண்ணி ஒன்றை டபிள்யூ.எஸ். பேட்டன் கண்டுபிடித்து 1910-ல் அறிவித்தார். பிறகு தேடிப் பார்த்தால் குள்ளநரியின் ரத்தத்திலும் அதே கிருமி! துரத்தியவனுக்கும் ஓடியவனுக்கும் ஒரே நோய். இன்று அதன் பெயர் பபேசியா கிப்சோனி. சிவப்பணுக்களை உடைத்து, காய்ச்சலும் ரத்தசோகையும் தரும்.

இன்னொரு உண்ணி நோயான எர்லிக்கியா 1935-ல் அல்ஜீரியாவில் பதிவானது. ஆனால் வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்த பிறகுதான் ஆராய்ச்சி சூடுபிடித்தது.

கவனித்தீர்களா? வேட்டைநாய், ராணுவ நாய்... விலையுள்ள நாய் விழுந்தால்தான் நுண்ணோக்கி வெளியே வருகிறது. தெருநாய்க்காக 2001-லும் 2023-லும் வந்த மத்திய அரசு விதிகள்கூட முக்கியமாகப் பேசுவது கருத்தடையும் ரேபீஸ் தடுப்பூசியும்தான்.

பபேசியா வந்து பிழைத்த நாய் பார்க்க நன்றாகவே இருக்கும். கிருமி மட்டும் ரத்தத்தில் பல காலம் தங்கிவிடும். அதைக் கடித்த உண்ணிக்குக் காம்பவுண்டு சுவர் ஒரு தடையே இல்லை. உள்ளே சங்கிலியில் கட்டியிருக்கும் லாப்ரடாரும் அதற்கு நாய்தான்.